ஐந்து சீப்பு

இந்த வீட்டு அலமாரிக்குள் ஒரு துப்பாக்கி குடியேறிய கதை, விடாமல் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். நடுவில் சில வாரங்கள் தவறவிட்டவர்களுக்காக மட்டும் இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மருமகள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். கல்யாணத்துக்கு முன்பு துப்பாக்கி சுடும் போட்டிகளில் பதக்கம் வாங்கியவள். கல்யாணம் ஆனதும் விட்டுவிட்டாள். போன வருடம்தான் மறுபடி ஆரம்பித்தாள். மகன் லிஃப்ட் மெக்கானிக். மாமியார் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

துப்பாக்கி என்றால் அந்த அம்மாளுக்குச் சத்தம் ஞாபகம் வராது. படுக்கை விரிப்புகள்தான் ஞாபகம் வரும். வார்டிலிருந்து மூட்டை கொண்டு வருகிறவர்கள் எது விபத்து, எது துப்பாக்கிக் காயம் என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். எத்தனை முறை அலசினாலும் ரத்தக் கறை போகாத விரிப்புகள் சில உண்டு. அதனால் துப்பாக்கிப் பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே அவர் தன் கட்டிலை உள் அறையிலிருந்து கூடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. கட்டிலை இழுத்த சத்தமே போதுமாக இருந்தது.

அந்த மௌனத்தை உடைத்தது ஒரு சொல். துப்பாக்கிக்குள் குண்டுகளை அடுக்கிச் செருகும் சின்ன இரும்புக் கூடு ஒன்று உண்டு. மருமகள் ஒருநாள் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது, பக்கவாட்டுப் பிளவு வழியாகப் பித்தளைக் குண்டுகள் பல் பல்லாகத் தெரிந்தன. மாமியார் கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, “இது என்ன, சீப்பு மாதிரி இருக்கு” என்றார். மருமகள் சிரித்துவிட்டாள். மாமியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குப் பெயர் சீப்பு.

மேகசின் என்றால் அங்கே வேறு. வாராவாரம் வாசலில் விழும் வார இதழுக்குத்தான் அந்தப் பெயர். மாமியார் அதைப் ‘புக்கு’ என்பார். மருமகள் பிறந்த வீட்டுப் பழக்கத்தில் மேகசின் என்பாள். தொடர்கதையை முதலில் மாமியார் படிப்பார். முடித்த பக்கத்தின் மூலையை மடித்து மருமகளிடம் கொடுப்பார். நடுவில் கதையைச் சொல்லிவிடக் கூடாது என்பது ஒப்பந்தம்.

போன வாரம் இந்த வீட்டில் என்ன நடந்தது என்றால், ஒரு சண்டை நடந்தது. விமானம் ஏறிப் போய்க் கலந்துகொள்ளப் போகும் ஒரு போட்டியில் மருமகள் தேர்வாகிவிட்டால், அரை வருடம் அங்கேயே பயிற்சி முகாமில் இருக்க வேண்டும். “அப்ப நான்?” என்று மகன் கேட்டான். அவள் உடனே பதில் சொல்லவில்லை. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன் இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

இன்று அவள் புறப்படுகிற நாள்.

*

காலையில் எழுந்ததும் மருமகள் கிளப்புக்கு ஓடிவிட்டாள். துப்பாக்கியைக் கொண்டு போக அனுமதிக் கடிதத்தில் முத்திரை வாங்க வேண்டியிருந்தது. முந்தின நாள் சீப்பு ஐந்தையும் எண்ணெய் போட்டுத் துடைத்துச் சமையலறை ஜன்னலில் பழைய துணிமேல் பரப்பி வைத்திருந்தாள். மாமியார் காப்பி போட வந்தபோது அவற்றைப் பார்த்தார். காய்கறி வைக்கும் பிளாஸ்டிக் கூடையை எடுத்து அப்படியே கவிழ்த்து மூடிவிட்டார். கோழிக்குஞ்சை மூடுகிற மாதிரி.

மகன் குளித்து, சட்டை மாட்டி, தாடையைத் தடவிக்கொண்டு வந்தான்.

“ஏர்போர்ட்டுக்கு நீ போகலையா?”

“எங்க போறது? ஒரு லிஃப்ட் பாதியில நிக்குது.”

“உள்ள ஆள் இருக்கா?”

“இல்ல.”

“அப்ப அது நின்னுட்டுப் போகட்டுமே” என்றார் மாமியார். அவன் கம்பெனி வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. அவன் சாப்பிடவில்லை என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

அங்கே கிளப்பில் பயிற்சியாளர், விமானக் கம்பெனியின் விதிகளைக் குழுவுக்கு உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு விசில் சார் என்று பெயர். பேசும்போதே ‘ஸ’ எல்லாம் விசிலாக வரும். துப்பாக்கி காலியாக, பூட்டிய கெட்டிப் பெட்டியில். குண்டு தனி டப்பாவில். மேகசின்களும் காலியாக. எல்லாம் கவுன்டரில் சொல்லிவிட்டுச் சரக்கோடு போக வேண்டும், கைப்பையில் ஒன்றும் கூடாது. ‘விமானத்துக்குள்ள ஒரு ஸ்பிரிங்கூட வரக் கூடாது’ என்று முடித்தார்.

ஜன்னலில் காயும் ஐந்தும் மருமகளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு போன் செய்தாள். சுற்றிலும் குழுவே நின்றது. விலையுயர்ந்த கண்ணாடி, விலையுயர்ந்த காலணி, வாய் திறந்தால் ஆங்கிலம். ‘சீப்பு’ என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றது.

“அத்தை, நான்தான். மேகசின் அஞ்சையும் டவல்ல சுத்தி, பெரிய பெட்டியில அடியில வெச்சுடுங்க.”

“அஞ்சா?”

“அஞ்சும். கைப்பைல வேண்டாம். பிளேன்ல விட மாட்டாங்க.”

“அதுல என்னம்மா இருக்கு?”

“ரூல் அத்தை. எல்லாம் காலியா இருக்கணும். உள்ள ஒண்ணுகூட இருக்கக் கூடாது. எதுக்கும் ஒரு தடவை உதறிப் பாத்துடுங்க.”

“சரிம்மா” என்றார் மாமியார், தயங்காமல்.

போனை வைத்த மருமகள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதைத் தொட மாட்டேன் என்று கூடத்தில் போய்ப் படுக்கிறவர், ஒரு பேச்சுக்குக்கூட முடியாது என்று சொல்லவில்லை. அவளுக்கு வேறு என்னவெல்லாமோ சொல்லத் தோன்றியது. விசில் சார் அதற்குள் அவசரப்படுத்தினார்.

*

மாமியார் கட்டிலுக்கு அடியிலிருந்த புத்தகக் கட்டை இழுத்துத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

பாவம், தனியாக ஓர் ஓட்டல் அறையில் போய் இருக்கப் போகிறது. புருஷன் முகம் கொடுத்துப் பேசவில்லை. படிக்க ஏதாவது வேண்டும் என்று கேட்டிருக்கிறது. ஐந்து என்றால் எந்த ஐந்து? கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மருமகளே லென்ஸ் தேய்த்து, மூக்கு அழுந்தாமல் பார்த்துப் பார்த்துச் செய்துகொடுத்த கண்ணாடி அது. தொடர்கதை சூடு பிடித்த இடத்திலிருந்து நான்கு இதழ்களை வரிசையாக எடுத்தார். ஐந்தாவது, இன்று காலை வாசலில் விழுந்த புது இதழ். அவரே இன்னும் பிரிக்கவில்லை. தொடர்கதையில் வரும் பெண் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்ததோடு போன வாரம் முடிந்திருந்தது. விழுந்தாளா இல்லையா என்று அவருக்கும் தெரிய வேண்டும்தான்.

புது இதழை மேலே வைத்தார். மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார்.

பிறகு ‘காலியாக இருக்கணும்’ என்று சொன்னது நினைவுக்கு வந்தது. விமானத்துக்காரர்களுக்கு எதைக் கண்டாலும் சந்தேகம்தான் போலிருக்கிறது. ஒவ்வொரு இதழையும் முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறினார். ஒட்டியிருந்த இலவச ஷாம்பு பாக்கெட் விழுந்தது. பற்பசை விளம்பரத் தாள் விழுந்தது. அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் விழுந்தது. நடுப்பக்கத்துக் கம்பி ஊசி ஒன்று தளர்ந்திருந்ததைக்கூட நகத்தால் பிடுங்கி எறிந்தார். ஐந்தையும் பெரிய துண்டில் வைத்து, நாலு மூலையையும் உள்ளே தள்ளி, ஆஸ்பத்திரி மடிப்பாக மடித்துப் பெட்டியின் அடியில் இறக்கினார். அந்த மடிப்பு உருட்டினாலும் அவிழாது.

மருமகள் டாக்சியோடு வந்து இறங்கினாள். கீழே விசில் சார் ஹார்னை அழுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அலமாரியிலிருந்து துப்பாக்கிப் பெட்டியை எடுத்துச் சோதித்துப் பூட்டினாள். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோர்த்தாள். பெரிய பெட்டியில் துணிகளுக்கு அடியில் கையை விட்டாள். துண்டு மூட்டை கெட்டியாகத் தட்டுப்பட்டது.

“வெச்சுட்டீங்களா அத்தை?”

“வெச்சுட்டேன். நல்லா உதறியும் பாத்துட்டேன்.”

மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “ரொம்ப தேங்க்ஸ் அத்தை. உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்.”

படிக்காத புது இதழைக் கொடுத்ததைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் மாமியார். இது எப்படி அதற்குள் கண்டுபிடித்தது?

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ நல்லபடியா போயிட்டு வா” என்றார்.

*

கவுன்டரில் இருந்த பெண் சின்னவள். மருமகள், “என்கிட்ட துப்பாக்கி இருக்கு” என்று விதிப்படி சொன்னதும் அவளும் விதிப்படி முகம் மாறாமல் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். பக்கத்து அறைக்குப் போனார்கள். காவலர் ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். துப்பாக்கி காலி. காலி என்பதற்கு அடையாளமாகக் குழாய்க்குள் மஞ்சள் குச்சி செருகியிருந்தது. உரிமத்தில் இருந்த எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் ஒன்றாக இருந்தன. குண்டு டப்பாவைத் தராசில் வைத்து எடுத்தார்கள்.

“மேகசின்?”

“அந்தப் பெட்டியில, டவல்ல.”

காவலர் துண்டை அவிழ்த்தார். அவிழ்க்கச் சிரமப்பட்டார். அட்டைப்படத்து நடிகை அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஐந்தும் வந்தன. கவுன்டர்ப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

“மேடம், நாங்க கேட்டது இந்த மேகசின் இல்ல.”

விசில் சாருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதனதன் கூடுதான் பொருந்தும், குழுவில் வேறு யாருடையதும் இதில் சேராது. அது இல்லாவிட்டால் ஐந்து குண்டை அடுத்தடுத்துச் சுடும் சுற்றில் அவள் சும்மா நிற்க வேண்டியதுதான். கவுன்டர் மூட ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. ‘துப்பாக்கியை ஏத்தி என்ன புண்ணியம், திரும்பி வீட்டுக்கே போ’ என்கிற மாதிரி அவர் கையை விரித்தார்.

மருமகளின் போன் அடித்தது. கணவன்.

“ஏதோ மனசு சரியில்ல. பெட்டியெல்லாம் போட்டாச்சா?”

அவள் சொன்னாள். வழிந்த கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“அம்மா தெரிஞ்சேதான் பண்ணியிருப்பாங்க. நீ போறது அவங்களுக்கு ஆரம்பத்துலேர்ந்தே பிடிக்கல.”

அந்த வார்த்தை அவளுக்குள் போய் உட்கார இடம் தேடியது. கூடத்துக்கு இழுத்த கட்டில் ஞாபகம் வந்தது. கவிழ்த்த கூடைகள், மூடிய கதவுகள், ‘அந்த சனியன்’ என்று முணுமுணுத்த நாட்கள் ஞாபகம் வந்தன. ‘சரிம்மா’ என்று ஏன் அத்தனை சுலபமாகச் சொன்னார்? கை தன்னால் மேலே இருந்த இதழைப் புரட்டியது.

மூலை மடிக்கவில்லை. புது இதழ். அத்தை இன்னும் படிக்கவில்லை.

அடுத்ததைப் புரட்டினாள். மூலை மடித்திருந்தது. ஷாம்பு பாக்கெட் ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் பளபளத்தது. அதற்கடுத்ததில் நடுப்பக்கத்துக் கம்பி ஊசியைக் காணோம், தாள்கள் கையோடு வந்தன.

காலியாக இருக்கணும். ஒண்ணுகூட இருக்கக் கூடாது. உதறிப் பாத்துடுங்க.

“கேக்குதா?” என்றான் கணவன்.

“அவங்க ஷாம்பு பாக்கெட்டை எல்லாம் எடுத்திருக்காங்க” என்றாள்.

“என்ன?”

“உங்களுக்குப் புரியாது. நான் அப்புறம் பேசறேன்.”

வைக்கப் போனவள் அப்படியே நின்றாள். கூரையில் மணி அடித்து ஓர் அறிவிப்பு ஆரம்பித்தது. ஏதோ விமானம் தாமதம். அதே மணி, அதே குரல், ஒரு மூச்சு பின்தங்கி அவள் காதில் இருந்த போனுக்குள்ளும் கேட்டது.

“நீங்க எங்க இருக்கீங்க?”

“லிஃப்ட் கிட்டதான். வேற எங்க?” என்று அவன் போனை வைத்துவிட்டான்.

அதைப் பற்றி யோசிக்க இப்போது நேரமில்லை. வீட்டுக்கு அடித்தாள். சுற்றிலும் குழு முழுவதும் நின்றது. காவலர், கவுன்டர்ப் பெண், மேலதிகாரி, விசில் சார் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அத்தை, சீப்பு” என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “ஜன்னல்ல கூடைக்கு அடியில சீப்பு இருக்கா பாருங்க.”

“இருக்கும். நான்தானே மூடி வெச்சேன்.”

“அதைத்தான் நான் காலையில கேட்டேன் அத்தை.”

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கியது.

“நீ சீப்புன்னு சொல்லவே இல்லையேம்மா.”

“சொல்லலை. தப்பு என்னோடதுதான். அது இல்லாம நான் அங்க போய் ஒண்ணும் பண்ண முடியாது. யாரையாவது எடுத்துட்டு வரச் சொல்ல முடியுமா?”

“யாரைச் சொல்றது?” என்றார் மாமியார். கொஞ்சம் நிறுத்தி, “அதைக் கையால தொடணுமா?” என்று கேட்டார்.

“தொடணும் அத்தை. காலிதான். அது மட்டும் இருந்தா ஒண்ணும் செய்யாது.”

“அடுப்பை அணைச்சுட்டு வரேன்.”

*

கூடையைத் தூக்கினார். ஐந்தும் வெயிலில் கறுப்பாக மினுங்கின.

முதலில் இடுக்கியை எடுத்தார். பாத்திரம் இறக்குகிற இடுக்கி. ஒன்றைப் பிடித்துத் தூக்கியதும் அது வழுக்கி மேடையில் ‘ணங்’ என்று விழுந்தது. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. மேடையில் கிடந்தது. அவ்வளவுதான்.

இடுக்கியை வைத்துவிட்டுக் கையால் எடுத்தார்.

எடையே இல்லை. ஜில்லென்று இருந்தது. இத்தனை வருடம் அலசிய விரிப்புகளுக்கெல்லாம் இதுவா காரணம் என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை, இது அது இல்லை. இது மருமகளுடையது. சாயங்காலம் கடையிலிருந்து வந்து, கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் ஒட்டிய கறுப்பு வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்குமே, அந்தப் பிள்ளையினுடையது.

மேடையில் விழுந்ததில் மாவு ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்தார். துடைத்தது துடைத்ததுதான் என்று மற்ற நான்கையும் துடைத்தார். ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் பிடித்து உதறினார். ஒன்றும் விழவில்லை. புதுக் கைத்துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றினார். பிரசவ வார்டுக்குப் போகும் துணியை அப்படித்தான் மடித்து அனுப்புவார்கள்.

டாக்சிக்காரர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். “யார் போறாங்கம்மா?”

“சீப்பு போகுது.”

“தலை வாரிக்கவா இத்தனை அவசரம்?”

“ஆமா தம்பி. கொஞ்சம் அழுத்திப் போ. முடி அவிழ்ந்து கிடக்குது அங்க.”

டாக்சிக்காரர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அழுத்திப் போனார்.

*

விமான நிலைய வாசலில் காவலாளி, “பையில என்னம்மா?” என்று கேட்டான்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாத அம்மாள் அவர். “துப்பாக்கிச் சீப்பு” என்றார்.

பக்கத்தில் டிராலி தள்ளிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். காவலாளியின் கை இடுப்புக்குப் போனது.

“காலிதான். உதறிப் பாத்துட்டேன்” என்று சேர்த்துக்கொண்டார். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

நல்லவேளை, உள்ளேயிருந்து மேலதிகாரியும் அந்தச் சோதனைக் காவலரும் மருமகளும் ஓடி வந்தார்கள். அதிகாரி அடையாள அட்டையைக் காட்டி விவரம் சொன்னார். காவலர் பையை வாங்கி மேசைமேல் வைத்து, ஒவ்வொரு கைத்துண்டாக அவிழ்த்தார். ஐந்தாவதை அவிழ்க்கும்போது கொஞ்சம் முன்பு அவிழ்த்த துண்டின் அதே கை மடிப்பு இது என்று அவருக்குப் புரிந்துவிட்டது போல. மாமியாரைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார்.

“நீங்கதான் புக்கு வெச்சவங்களா?”

“அவ கேட்டா, வெச்சேன்” என்றார் மாமியார் விறைப்பாக.

மருமகள் அவர் கையைப் பிடித்தாள். உள்ளங்கை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. முந்தானையில் கறுப்புக் கோடுகள்.

“துடைச்சீங்களா அத்தை?”

“மாவு பட்டுடுச்சு.” கையை இழுத்துக்கொள்ளவில்லை. “ஏம்மா, சீப்புன்னு சொல்றதுக்கு உனக்கு என்ன?”

“எல்லாரும் இருந்தாங்க அத்தை. கூச்சமா இருந்துச்சு.”

“இப்பவும்தான் எல்லாரும் இருக்காங்க.”

“இருக்கட்டும்” என்றாள் மருமகள். “சீப்பு.”

பின்னால் வந்து நின்ற விசில் சார் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். “சீப்பு வந்தாச்சுல்ல? சீக்கிரம்” என்றார். அவர் வாயில் அந்தச் சொல் இன்னும் நன்றாக விசில் அடித்தது. குழுவில் ஒரு பெண் சிரித்தாள், மருமகளும் சேர்ந்து சிரித்தாள்.

அவள் தோள்பையைத் திறந்து புது இதழை எடுத்து நீட்டினாள். “இதை நீங்க இன்னும் படிக்கல.”

“நீ கொண்டு போ. நான் வேற வாங்கிக்கறேன்.”

“எனக்கு நாலு போதும். இதை நீங்க படிச்சுட்டு, ராத்திரி போன்ல சொல்லுங்க.”

“கதையைச் சொல்லக் கூடாதுன்னு பேச்சு.”

“நான் திரும்பி வர்ற வரைக்கும் சொல்லலாம்.”

திரும்பி வருகிற வரைக்கும் என்றால் சில நாளா, அரை வருடமா என்று இரண்டு பேருக்கும் தெரியாது. மாமியார் இதழை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“அத்தை” என்றாள் மருமகள், போகிற போக்கில் திரும்பி. “அவர் இங்கதான் எங்கயோ இருக்கார். திட்டாதீங்க.”

கண்ணாடிக் கதவு வழியே கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார் மாமியார். கெட்டிப் பெட்டியில் ஐந்தும் அதனதன் குழியில் உட்கார்ந்தன. மருமகள் பூட்டி, சாவியை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டாள். அட்டை கட்டினார்கள். பெட்டி ரப்பர்த் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. அவள் திரும்பிக் கையைத் தூக்கி, தலை வாருகிற மாதிரி இரண்டு தடவை காட்டினாள். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டுத் தன் தலையைச் சரிசெய்துகொண்டாள்.

*

வண்டிகள் நிற்கும் இடத்தில், தூணுக்குப் பின்னால், லிஃப்ட் கம்பெனி வேன் நின்றது. மகன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. மாமியார் கதவைத் திறந்து ஏறினார்.

“லிஃப்ட் சரியாயிடுச்சா?”

அவன், “உள்ள போயிட்டாளா?” என்று கேட்டான்.

“போயிட்டா. நீ உள்ள வந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.”

“வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ அழுதுட்டு நின்னா. போன் பண்ணேன். பேசத் தெரியாம பேசிட்டேன்.” வேனைக் கிளப்பினான். “என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?”

“திட்டாதீங்கன்னு சொன்னா.”

“வேற ஒண்ணும் சொல்லலையா?”

“வேற என்ன இருக்கு சொல்ல?”

மகன் சாலையைப் பார்த்தபடியே இடது கையை நீட்டி, அம்மாவின் எண்ணெய்க் கையை ஒருமுறை அழுத்திவிட்டு எடுத்தான். ஏன் என்று மாமியாருக்கு விளங்கவில்லை. காலையில் சாப்பிடாமல் போனதற்காக இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு புது இதழைப் பிரித்தார். அப்படியே உதறினார், இப்போது பழக்கமாகிவிட்டது. ஒன்றும் விழவில்லை. கிணற்றடியில் அந்தப் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். யார்?

பாதிப் பக்கம் படித்திருப்பார். வேன் குலுங்கியதில் பின் இருக்கையிலிருந்து ஏதோ சரிந்து அவர் தோளில் இடித்தது. திரும்பிப் பார்த்தார். பரணில் கிடந்த நீலப் பெட்டி. தூசி தட்டி, பட்டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. அதன்மேல் மகனின் நல்ல சட்டை, மடிப்புக் கலையாமல்.

இந்தப் பெட்டி எப்போது வீட்டிலிருந்து இறங்கியது?

மகன் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனை வந்தது. வேன் வேகம் குறையவில்லை, திரும்பவுமில்லை; ரயில் நிலையத்துக்கு அம்புக்குறி காட்டிய பக்கம் நேராகப் போனது.

மாமியாருக்கு விளங்கியது. படித்துக்கொண்டிருந்த பக்கத்தின் மூலையை மெதுவாக மடித்து, இதழை மடியில் வைத்துக்கொண்டார்.